கே.பி.யின் சின்னத்திரை

சினிமாவில் இருபத்தைந்து ஆண்டுகள் கோலோச்சிய கே. பாலசந்தர், தொலைக்காட்சிக்கு வந்ததை இறக்கம் என்று நினைக்கவே இல்லை. அதுதான் அவரிடம் எனக்கு மிகப் பிடித்தது. ‘ரயில் சிநேகம்’, ‘கையளவு மனசு’, ‘காதல் பகடை’, ‘பிரேமி’, ‘அண்ணி’ என்று தொடர்களாகவே எடுத்துத் தள்ளினார். அக்கவுண்டன்ட் ஜெனரல் (ஏஜி) அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர் அல்லவா! நான்கு சுவருக்குள் ஒரு குடும்பத்தைப் பேசவிட்டு, பேச்சிலேயே பதற்றத்தை ஏற்றும் வித்தை அவருக்கு மேடையிலேயே கைவந்தது. சின்னத்திரைக்கு வேண்டியதும் அதேதான்.

‘கையளவு மனசு’ தொடரில் கீதா நடித்த பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். மரணத்தை எதிரே வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளைகளைத் தத்துக் கொடுக்கும் தாய். ஓவென்று அழவைக்கத் தோதான கதை. கே.பி.யோ அவள் முகத்தை நெருங்கிக் காட்டி, அவளைத் தீர்மானமாகப் பேசவைத்தார். அழுகையைப் பார்ப்பவர்களிடம் விட்டுவிட்டார். இன்றைய தொடர்களில் ஓர் அதிர்ச்சிக்கு மூன்று முறை முகத்தைச் சுழற்றிக் காட்டுகிறார்களே, அந்தப் பழக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

1985இல் வந்த ‘சிந்து பைரவி’ படத்தின் ஜே.கே.பி., சிந்து ஆகியோரின் கதையை ‘சஹானா’ தொடரில் துணிந்து தொடர்ந்தார். அவருடைய மின்பிம்பங்கள் நிறுவனமோ, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ போன்ற, அவர் பாணிக்குச் சற்றும் ஒட்டாத தொடரையும் தயாரித்தது.