சொந்த மண்ணில் பிறந்த நாடகங்கள்

அமெரிக்காவின் லூயிவில் நகரில், மேற்கு மெயின் தெருவில், 120 அடி உயர பேஸ்பால் மட்டை ஒன்று கட்டடத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது. புகழ்பெற்ற மட்டைத் தயாரிப்பாளரின் அருங்காட்சியகம் அது. அதே தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால், 1837-இல் வங்கிக்காகக் கட்டிய பழைய மாளிகை வரும். அங்கேதான் ஆக்டர்ஸ் தியேட்டர் இருக்கிறது. லாப நோக்கமில்லாத அரங்கு, 1964-இல் தொடங்கியது. குதிரைப் பந்தயமும் முகம்மது அலியும் பேர் வாங்கிக்கொடுத்த ஊரில், நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நடந்த இன்னொரு ஆட்டத்தின் மைதானம் இது.

ஏற்கெனவே வென்ற நாடகத்தைப் போட்டால் அரங்கு நிரம்பும். புது எழுத்தாளரின் புது நாடகம் என்றால் டிக்கெட் விற்குமா என்பதே சந்தேகம். 1969 முதல் கலை இயக்குநராக இருந்த ஜான் ஜோரி, 1976-இல் துணிந்து புது நாடகங்களுக்கென்றே ஒரு விழாவைத் தொடங்கினார். புதுமுகங்களை மட்டுமே வைத்து டெஸ்ட் போட்டிக்கு இறங்குவது போன்ற காரியம்.

பலன் உடனே தெரிந்தது. முதியோர் இல்லத்தில் இருவர் சீட்டாடும் 'தி ஜின் கேம்' 1977-இல் இங்கே மேடையேறி, 1978-இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசை வென்றது. பெத் ஹென்லியின் 'கிரைம்ஸ் ஆஃப் தி ஹார்ட்' 1979-இல் இங்கே அரங்கேறி, 1981-இல் அதே பரிசைப் பெற்றது. 'டின்னர் வித் ஃப்ரெண்ட்ஸ்' 1998-இல் அரங்கேற்றம், 2000-இல் புலிட்சர்.

இந்த மூன்றையும்விடப் பெரிய சாதனை வேறொன்று. மார்ஷா நார்மன் லூயிவில்லிலேயே பிறந்தவர். மனநல மருத்துவமனையில் மனச்சிக்கல் கொண்ட பிள்ளைகளோடு வேலை பார்த்தவர். நாடகம் எழுதச் சொல்லி அவரைத் தூண்டியவர் ஜோரி. பள்ளிகளில் இனப்பிரிவினையைப் போக்க மாணவர்களைப் பேருந்தில் வேறு பகுதிகளுக்கு அனுப்பும் திட்டத்தால் ஊர் கொதித்துக்கொண்டிருந்த நேரம். அதைப் பற்றி எழுதலாமே என்பது ஜோரியின் முதல் யோசனை. நார்மனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. நிஜமாகவே பயந்து நடுங்கிய ஒரு சமயத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னார் ஜோரி. மருத்துவமனையில் பார்த்த ஒரு முரட்டுப் பெண் நினைவுக்கு வந்தாள். அவளிலிருந்து பிறந்ததுதான் 'கெட்டிங் அவுட்': சிறையிலிருந்து வெளிவந்து, லூயிவில்லின் ஒரு மலிவான வீட்டில் முதல் நாளைக் கழிக்கும் பெண்ணின் கதை. அவளுடைய பழைய உருவத்தை இன்னொரு நடிகை அதே மேடையில் ஆடுவார். பார்க்க வந்தவர்கள் பார்த்தது தங்கள் ஊரை. நார்மன் 1983-இல் வேறொரு நாடகத்துக்காகப் புலிட்சர் வாங்கினார். திறமை தேடி வெளியூருக்கு ஆள் அனுப்பாமல், பக்கத்துத் தெருவில் இருப்பவரைக் கண்டுபிடித்துப் பயிற்சி கொடுத்த அரங்கு இது. மற்ற அரங்குகள் முதலில் கற்க வேண்டியதும் இதைத்தான்.

பத்து நிமிட நாடகத்துக்கு தேசியப் போட்டி வைத்து, அந்தக் குட்டி வடிவத்தைப் பரப்பியதும் இவர்களே.

பலவீனமும் இருந்தது. உள்ளூரில் தலைமையகம் கொண்ட ஹ்யுமனா என்ற காப்பீட்டு நிறுவனத்தின் அறக்கட்டளைதான் விழாவை நெடுங்காலம் தாங்கியது. விழாவின் பெயரே ஹ்யுமனா விழா. ஒரே மட்டையாளரை நம்பிய அணிக்கு உள்ள ஆபத்து இதற்கும் உண்டு. 2020-இல் கொரோனா விழாவைப் பாதியில் நிறுத்தியது. 2021-இல் இணையவழியில் நடந்ததோடு சரி.

2013 விழாவில் முதன்முறையாக மேடையேறியது பிராண்டன் ஜேக்கப்ஸ்-ஜென்கின்ஸின் 'அப்ரோப்ரியேட்'. அது நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்குப் போய், 2024-இல் சிறந்த மறு மேடையேற்றத்துக்கான டோனி விருதை வென்றது. அதைப் பெற்றெடுத்த விழா அப்போது இல்லை.