ஒரு நாள், ஏழு தீவு

புக்கெட் போகிறீர்களா? சந்தோஷம். ஹோட்டலில் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் ரிசப்ஷனில் ஒரு மடக்குத் தாளைக் கையில் திணிப்பார்கள். பச்சைத் தண்ணீர், வெள்ளை மணல், நடுவில் ஒரே ஒரு படகு, அதன் மூக்கில் ஒரே ஒரு பெண்மணி. மேலே கொட்டை எழுத்தில், 'ஃபீ ஃபீ: ஒரே நாளில் 7 தீவுகள்!' (உள்ளூர்க்காரர்கள் உச்சரிக்கிறபடி எழுதினால் தமிழில் அர்த்தம் விபரீதமாகிவிடும். அதனால் ஃபீ ஃபீ.) வேன், ஸ்பீட் போட், மதியச் சாப்பாடு, பழம், குளிர்பானம், தண்ணீருக்கடியில் பார்க்கும் கண்ணாடி எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். அவ்வளவு தூரம் போவானேன், நம்ம தி.நகரிலேயே பாக்கேஜோடு சேர்த்துத் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். ஹோட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். ஒரு குடும்பம் வருஷம் முழுக்கச் சேர்த்த பணத்தில் பார்க்கிற இந்த ஒரு நாள் 'ஷோ'வுக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. போனவர்களைக் கேட்டால் 'சூப்பர் சார்' என்று சொல்லி போட்டோவைக் காட்டுகிறார்கள். போட்டோவில் அது சூப்பராகத்தான் இருக்கிறது.

நான் படித்தது பி.காம். கடலைப் பார்த்தாலும் கணக்குதான் முதலில் வரும். போன தடவை ஒரு குழுவோடு போனபோது பாக்கெட் நோட்டில் மணி குறித்துக்கொண்டே போனேன். காலை 7 மணிக்கு வேன். அது இன்னும் ஐந்து ஹோட்டல் வாசலில் நின்று, தூங்கி எழுந்து வருகிறவர்களுக்காகக் காத்திருந்து படகுத்துறை போய்ச் சேர 8.15. அங்கே டீ, பிஸ்கட், வாந்தி மாத்திரை, கையில் ஒரு கலர் பட்டை, வழிகாட்டியின் கடி ஜோக்குகள். கிளம்பும்போது 9.15. ஒரு மணி நேரம் கடலில் குதித்துக் குதித்துப் போனால் முதல் நிறுத்தம். மாயா பே 50 நிமிஷம். பிலே லகூன் 20. வைக்கிங் குகையைப் படகிலிருந்தபடியே பார்க்க 5. குரங்குக் கடற்கரை 10. சாப்பாடு 50. மீன் பார்க்க 30. மூங்கில் தீவில் ஒரு மணி நேரம். மாலை 5.45-க்கு ஹோட்டல் வாசல். ஆக, பத்தே முக்கால் மணி நேரத்தில் இடங்களைப் பார்த்தது மூணே முக்கால் மணி. சாப்பாட்டைக் கழித்தால் மூன்று மணி நேரம்கூட இல்லை. மிச்சமெல்லாம் வேன், வரிசை, எஞ்சின் சத்தம்.

சரி, ஏழு தீவு? வரைபடத்தைப் பிரித்துப் பாருங்கள். மாயா பே, அதற்குப் பின்பக்கம் இருக்கிற லோ சமா வளைகுடா, பிலே லகூன், வைக்கிங் குகை நான்கும் ஃபீ ஃபீ லே என்கிற ஒரே தீவில் இருக்கின்றன. குரங்குக் கடற்கரையும் சாப்பாடு போடுகிற டோன்சாயும் ஃபீ ஃபீ டோன் என்கிற இன்னொரு தீவு. மூங்கில் தீவு ஒன்று. மொத்தம் மூன்று! ஒரே சரக்கை நாலு லெட்ஜரில் ஏற்றிக் காட்டுவதை எங்கள் பாஷையில் வேறு பெயர் சொல்லி அழைப்போம்.

பொய் சொன்னார்கள் என்பதல்ல என் புகார். நாமும்தானே கேட்கிறோம், 'அந்தக் கம்பெனியில் அஞ்சு இடம், இவங்க ஏழு காட்டறாங்களாமே, நூறு பாட்தான் அதிகமாம்' என்று. எண்ணிக்கையைக் கேட்கிறவனுக்கு எண்ணிக்கையை விற்கிறார்கள். டீசல், பெட்ரோல், படகோட்டி சம்பளம் எல்லாம் 15 பேர் ஏறினாலும் ஒன்றுதான், 35 பேர் ஏறினாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். லாபம் கடைசியில் ஏறுகிற பத்துப் பேரிடம் இருக்கிறது. அதனால் படகு நிரம்பும். எல்லாப் படகும் நிரம்பும். எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரும்.

இந்தக் கணக்கில் எழுதப்படாத செலவு ஒன்று உண்டு. அது மாயா பேயில் வெளியே வந்தது.

'தி பீச்' படம் ஞாபகம் இருக்கிறதா? 2000-ல் வந்தது. டைட்டானிக்குக்குப் பிறகு டிகாப்ரியோவை உலகமே தூக்கி வைத்துக்கொண்டிருந்த நேரம். அலெக்ஸ் கார்லண்டின் நாவலை டேனி பாயில் படமாக எடுத்தார். யாருக்கும் தெரியாத ஒரு கடற்கரையைத் தேடிப் போய், கண்டுபிடித்து, கடைசியில் அதைத் தாங்களே கெடுத்துக்கொள்கிற இளைஞர்களின் கதை. அதை எடுக்க மாயா பேக்குப் போன யூனிட் என்ன செய்தது தெரியுமா? நிஜக் கடற்கரை, கற்பனைக் கடற்கரை அளவுக்கு லட்சணமாக இல்லை என்று மணல்மேட்டை புல்டோசர் விட்டுச் சமப்படுத்தி, அங்கே இயற்கையாக வளர்ந்திருந்த செடிகளைப் பிடுங்கி, தென்னை மரங்களைக் கொண்டுவந்து நட்டது. போதாததற்கு, கடல் பக்கம் திறந்திருந்த வாயையும் கம்ப்யூட்டரில் மலை வரைந்து மூடினார்கள். படமாகப் பார்த்தால் சுமார்தான். முதல் பாதி ஜோர், இரண்டாம் பாதி எங்கேயோ போகிறது. ஆனால் ஒரு படம் தன் கதையைத் தானே நடத்திக் காட்டியதற்கு இதைவிட உதாரணம் கிடையாது. 1999-ல் உள்ளூர்க்காரர்கள் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்தது 2022-ல். படக் கம்பெனி ஒரு கோடி பாட் தருவதாகச் சமரசமானது.

புல்டோசர் செய்தது கொஞ்சம். மிச்சத்தைச் செய்தது நம்மைப் போன்றவர்கள். படம் பார்த்துவிட்டு வந்த கூட்டம் உச்சத்தில் ஒரு நாளைக்கு 5,000 பேர் என்றார்கள். அந்தக் கடற்கரையின் நீளம் 250 மீட்டர் சொச்சம்தான்! படகுகள் நேரே வளைகுடாவுக்குள் நுழைந்து, பவளப்பாறைமேல் நங்கூரத்தைப் போட்டன. எஞ்சின் கிளப்பிய மணல் பவளத்தை மூடியது. பெரும்பகுதி செத்தே போனது. 2018 ஜூன் 1 அன்று நாலு மாதத்துக்கு என்று மூடினார்கள். நாலு மாதத்தில் என்ன ஆகும்? ஒன்றும் ஆகவில்லை. மூன்றரை வருஷம் மூடி வைத்து, பவளத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் கையால் நட்டு, 2022 ஜனவரி 1-ல்தான் மறுபடி திறந்தார்கள். இடையில் கொரோனா வேறு வந்து கடலுக்கு லீவு கொடுத்தது.

இப்போது போனால் படகு முன்பக்கமாக நுழைய முடியாது. தீவைச் சுற்றிப் பின்பக்கம் லோ சமாவில் மிதக்கும் துறையில் இறக்கிவிடுகிறார்கள். மரப்பலகைப் பாதையில், மரங்களுக்கு நடுவே சில நிமிஷம் நடந்தால் திடீரென்று வளைகுடா. ஒரு சுற்றுக்கு 375 பேர், ஒரு மணி நேரம் என்று கணக்கு. நீந்தக் கூடாது. கொஞ்சம் ஆழமாகப் போனாலே காவலர் விசில் ஊதுகிறார். எங்கள் படகில் இருந்த ஒரு ஐ.டி. தம்பதிக்குச் செம கடுப்பு. 'காசு கொடுத்து வந்து குளிக்கக் கூடாதுன்னா எதுக்கு சார்?'

நியாயமான கேள்விதான். ஆனால் என் நோட்டில் இருக்கிற தீர்ப்பு வேறு. அந்தப் பத்தேமுக்கால் மணி நேரத்தில் உருப்படியான 50 நிமிஷம் அதுதான். படகே இல்லாத தண்ணீர். பெட்ரோல் வாசனை இல்லாத காற்று. மூன்று பக்கமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர். முழங்காலளவுத் தண்ணீரில், துடுப்பு நுனியில் மை தொட்டு வைத்ததுபோல் கறுப்பாக, குட்டிச் சுறாக்கள். (கடிக்காது. நம்மைக் கண்டால் அதுதான் ஓடுகிறது.) மூடியிருந்த காலத்தில் திரும்பி வந்தவை. நோட்டீஸில் இருந்த படம் நிஜமாக இருந்த ஒரே இடம், தடை போட்ட இடம்.

அங்கிருந்து பத்து நிமிஷத்தில் பிலே லகூன். அழகில் மாயா பேக்குக் கொஞ்சமும் குறைவில்லாத இடம். ஆனால் உள்ளே நாங்கள் நுழைந்தபோது பார்த்தது பண்டிகை நாள் கோயம்பேடு. படகுக்குப் பக்கத்தில் படகு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாட்டு, ஒரு படகின் புகை இன்னொரு படகின் போட்டோவில். தண்ணீரில் குதிப்பதற்கு முன்னால் எந்தப் படகும் வரவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருந்தது. ஒரே தீவு, ஒரே நாள், ஒரே டிக்கெட். ஓரிடத்தில் தலையை எண்ணுகிறார்கள், இன்னோரிடத்தில் நோட்டை எண்ணுகிறார்கள்.

குழுவாகப் போவதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். நீச்சல் தெரியாத நம் ஜனங்களுக்கு அதில் ஒரு தைரியம் இருக்கிறது. கோவையிலிருந்து வந்திருந்த அறுபது வயது அம்மா ஒருவர், பேத்தி வற்புறுத்தியதால் லைஃப் ஜாக்கெட்டும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, படகுப் பையனின் கையை விடாமல் தண்ணீருக்குள் முகம் வைத்தார். வெளியே வந்து எல்லாரிடமும் ஒரே பேச்சு. 'ஏனுங் தம்பி, மீனு கைக்கிட்டயே வருதுங், பயப்படறதே இல்லீங்.' தனியாக வந்திருந்தால் அவர் இறங்கியிருக்கவே மாட்டார். படகுப் பையன்கள் நாள் முழுக்க அப்படிப் பத்து அம்மாக்களை இறக்கி ஏற்றுகிறார்கள். அந்த அம்மாவுக்குக் கிடைத்தது அரை மணி. வெறும் குரங்கைப் பார்க்கப் போன நேரத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி விசேஷமாக ஒன்றும் இல்லை. சோறு, நூடுல்ஸ், பொரித்த கோழி, சைவத்துக்குக் காய்கறி. சாப்பிடுகிற இடத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். டோன்சாய் ஊர், இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு மணல் நாடாமேல் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு வளைகுடா, அந்தப் பக்கம் ஒரு வளைகுடா. 2004 டிசம்பர் 26-ல் இரண்டு பக்கமிருந்தும் கடல் உள்ளே வந்தது. நம் நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் அடித்த அதே சுனாமி. அதற்குப் பிறகு கட்டிய ஊரில்தான் நீங்கள் தட்டை ஏந்தி நிற்கிறீர்கள். ஏழு இடத்துக்கும் ஜோக் வைத்திருந்த எங்கள் வழிகாட்டி, இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜாலி டூரில் சாவைப் பேசுவானேன் என்று நினைத்திருக்கலாம். எங்கள் குழுவில் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷம் சும்மா நின்று கடலைப் பார்த்திருப்போம்.

சாவைப் பேசித்தான் ஆக வேண்டிய இன்னொரு இடமும் இருக்கிறது. 2018 ஜூலை 5 அன்று, இதே புக்கெட் பக்கத்தில், ஃபீனிக்ஸ் என்கிற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். கடல் மோசமாக இருக்கும் என்று வானிலை எச்சரிக்கை இருந்தும் போன படகு. 2009-ல் தேக்கடியில் 45 பேரைப் பலிகொண்ட படகை நாம் மறந்துவிட்டதைப்போல அதையும் மறந்துவிட்டார்கள். மே முதல் அக்டோபர் வரை அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று. கட்டணம் குறையும், நம் பள்ளி லீவும் அப்போதுதான் வரும். 'இன்னிக்குக் கடல் சரியில்லை, படகு போகாது' என்று கம்பெனிக்காரர் சொன்னால் சண்டை போடாதீர்கள். ரீஃபண்ட் கேளுங்கள், தருவார்களா என்று முன்பணம் கட்டும்போதே கேட்டு வையுங்கள். லைஃப் ஜாக்கெட் எத்தனை, படகில் அனுமதி எத்தனை பேருக்கு என்பதையும். இந்தியர்கள் சாப்பாட்டில் பனீர் உண்டா என்று மூன்று தடவை கேட்கிறோம், இதை ஒரு தடவையும் கேட்பதில்லை.

வேறு வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஒரு ராத்திரி ஃபீ ஃபீ டோனிலேயே தங்குங்கள். டோன்சாயில் நீளவால் படகுகள் வரிசையாக நிற்கும். நீண்ட கம்பியின் நுனியில் விசிறி சுழல்கிற மரப்படகு. நாலு பேர் சேர்ந்து அரை நாளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு விடிகாலையில் கிளம்பினால், புக்கெட்டின் ஸ்பீட் போட்கள் வந்து சேருவதற்குள் பிலே லகூனில் மிதந்துவிட்டுத் திரும்பலாம். அதே தண்ணீர்தான். பாட்டு இருக்காது. பார்க்கிற இடம் இரண்டோ மூன்றோதான். ஊருக்கு வந்து 'ஏழு தீவு பார்த்தோம்' என்று சொல்ல முடியாது.

தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 400 பாட். பல டூர்களில் அது கட்டணத்தில் சேர்ந்திருக்காது, படகுத்துறையில் தனியாகக் கேட்பார்கள். பவளத்துக்குக் கெடுதல் செய்கிற சில ரசாயனங்கள் உள்ள சன்ஸ்கிரீனுக்கு 2021 முதல் பூங்காவில் தடை, லேபிளைப் பார்த்து வாங்குங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் மாயா பேயை வருஷா வருஷம் மூடிவிடுகிறார்கள். அந்த மாதங்களிலும் நோட்டீஸில் அந்தப் படம் மாறுவதில்லை. 'உள்ளே இறங்குவோமா, வெளியிலிருந்து காட்டிவிட்டுப் போய்விடுவீர்களா?' என்று பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.