ரங்கநாதனின் நான்காவது விதி

மாற்றுத்திறனாளி மாணவர்களும் பள்ளி நூலகமும் பற்றி யார் கட்டுரை எழுதினாலும் எஸ்.ஆர்.ரங்கநாதனின் இரண்டாவது விதியில்தான் ஆரம்பிப்பார்கள். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்கணும் என்பது அது. நானும் அப்படித்தான் குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். 1931இல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட அவருடைய ஐந்து விதிகள் நூலை மறுபடி புரட்டியபோதுதான் தோன்றியது, நாம் தப்பான விதியைப் பிடித்துத் தொங்குகிறோம் என்று.

இரண்டாவது விதியை விளக்கும் இடத்தில் ரங்கநாதன் பார்வையற்றவர்களையும் கணக்கில் எடுக்கிறார். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் அவர்களை இயல்பானவர்கள், இயல்பற்றவர்கள் என்ற பிரிவுக்குள் வைத்துப் பேசுகிறார். இன்றைக்கு வாசிக்கும்போது உறுத்துகிறது. வெறும் சொல் பிரச்சினை என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. "அவங்களுக்குன்னு தனியா ஒரு புத்தகம்" என்ற நினைப்பு அங்கிருந்தே நம்மோடு வருகிறது.

போன வருஷம் ஒரு பள்ளி நூலகத்துக்குப் போயிருந்தேன். வாசலில் சாய்தளம், கைப்பிடி, சக்கர நாற்காலிப் படம் போட்ட பலகை எல்லாம் இருந்தது. பொறுப்பு கணக்கு டீச்சருக்கு. அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை, ஆறு வகுப்புக்குப் பாடமும் எடுக்கிறார். பிரெய்ல் புத்தகங்கள் எங்கே என்றேன். பீரோ மேலே காட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, அதற்கு மேல் பழைய வினாத்தாள் கட்டு. பிரெய்ல் நூலை நிமிர்த்தித்தான் வைக்கணும். பாரம் ஏறினால் புள்ளிகள் அமுங்கி எழுத்தே போய்விடும். அடியில் இருந்த புத்தகம் கிட்டத்தட்ட வெறும் காகிதம்.

அந்தப் பள்ளியில் எட்டாவது படிக்கும் பார்வையற்ற மாணவி ஒருத்தி சொன்னாள்: "அதெல்லாம் ஆறாவதுலயே படிச்சு முடிச்சிட்டேன் சார். இப்ப கிளாஸ்ல எல்லாரும் பேசுற கதை வேணும்." தோழி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டுகிறாளாம். "அவ லீவு போட்டா கதை அங்கயே நின்னுடும்."

வாசகரின் நேரத்தைச் சேமி என்பது ரங்கநாதனின் நான்காவது விதி. பட்டியல் அட்டை, அலமாரி அடுக்கு என்று நிர்வாகத் திறமைக்கான விதியாகத்தான் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அந்த மதிய நேரம்தான் நினைவுக்கு வருகிறது. அவளுக்கும் புத்தகம் கிடைக்கத்தான் செய்கிறது. அதனால் இரண்டாவது விதியைக் காட்டி நாம் தப்பித்துவிடலாம். மற்ற பிள்ளைகள் இரண்டு நாளில் முடிக்கும் கதைக்கு இவள் மூன்று வாரம் காத்திருக்கிறாள் என்பதை நான்காவது விதிதான் கேட்கும்.

அந்தக் கதையின் பிடிஎஃப் பள்ளியிலேயே இருந்தது. அவளுடைய போனில் டாக்பேக் போட்டுப் பார்த்தோம். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு. கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரிவதை அது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வாசித்தது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தானே! யூனிகோடு வந்து எத்தனை வருஷமாச்சு?

சட்டம் தடையா என்றால், இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், அவர்கள் வாசிக்கக்கூடிய வடிவத்துக்கு நூலை மாற்ற அனுமதிக்கிறது. மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடே இந்தியாதான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 18 வயது வரை புத்தகமும் உதவிக் கருவியும் இலவசமாகத் தரச் சொல்கிறது. (அதற்குக் குறைந்தது 40 சதவீதம் என்ற சான்றிதழ் வேண்டும். எழுத்துகள் குழம்பும் டிஸ்லெக்சியா பிள்ளைகள் பலர் இங்கேயே நழுவிவிடுகிறார்கள். அவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கி, வரி இடைவெளி கூட்டிக் கொடுத்தாலே பாதி உதவி.) ஆக, தடை சட்டத்தில் இல்லை. இந்த வேலை யாருடைய வேலை என்று எங்கேயும் தீர்மானிக்காததுதான் தடை.

வீட்டுக்கு வந்து இரண்டு அத்தியாயத்தை யூனிகோடுக்கு மாற்றி அனுப்பினேன். பெரிய சாதனை என்று நினைப்பு வேறு! மறுநாள் குரல் செய்தி வந்தது. மாற்றும்போது 'ரா' வரவேண்டிய இடங்களில் ஆங்கில எச் ஒட்டிக்கொண்டு, ராஜா வரும்போதெல்லாம் கதை இடறியிருக்கிறது. பதினான்கு இடங்களைக் குறித்து வைத்திருந்தாள். அடுத்த அத்தியாயம் எப்போ என்றும் கேட்டிருந்தாள். பதினான்கையும் திருத்திவிட்டேன். மூன்றாவது இன்னும் பாதியில் இருக்கிறது.