பின்னிரவில்தான் தெரியும் தப்பின் தரம்

ஏப்ரல் வசந்தகாலம் நெருங்கினால் நுவரெலியாவில் மதிலெல்லாம் சுவரொட்டிகள். எந்த இசைக்குழு, எந்த மேடை, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரிந்துவிடும். அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால், மாசியில், அதே மலைகளில் விடிய விடிய நடக்கும் ஆட்டத்துக்குச் சுவரொட்டி கிடையாது. பிறை கண்டு கம்பம் ஊன்றிய சேதி லயத்துக்கு லயம் வாய்வழியே போகும். பக்கத்து டிவிசனுக்குத் தப்புச் சத்தமே அழைப்பு. இந்த வாரம் அந்தக் காமன் கூத்தை ஓர் ஆட்டமாகவே அலசிப் பார்க்கிறேன்: ஆட்டக்காரரின் தெம்பு என்ன, வேகம் எங்கே கூடுகிறது, எங்கே சறுக்குகிறது, சறுக்கியதை யார் தூக்கி நிறுத்துகிறார்கள் என்று. பாரம்பரியம் என்று வணங்கிவிட்டுப் பத்து மணிக்கே வீட்டுக்குப் போகிறவர்கள் நம்மில் அதிகம். அவர்கள் ஆட்டத்தின் நல்ல பாதியைப் பார்த்ததே இல்லை.

கதை தெரிந்ததுதான். தட்சனின் யாகத்தில் தாட்சாயணியை இழந்த சிவன் தவத்தில் அமர்ந்துவிடுகிறார். அந்தத் தவம் கலைந்தாக வேண்டும் என்று தேவர்கள் தூதன் வழியே மன்மதனுக்கு ஓலை அனுப்புகிறார்கள். கெட்ட கனவு கண்ட அவன் மனைவி ரதி போகாதே என்று மறிக்கிறாள். மதன் கேட்பதில்லை. கரும்பு வில்லோடு போகிறான்; நெற்றிக்கண்ணில் எரிகிறான். ரதி அழுது மன்றாட, அவள் கண்ணுக்கு மட்டும் தெரிபவனாக மீள்கிறான். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இதை வைத்து எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணி பாடி மோதுவார்கள். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் கங்காணிகள் கூட்டி வந்த சனத்தோடு கதை மலையேறியது. இங்கே வாதத்தைவிட ஆட்டம் முன்னுக்கு வந்தது என்பது என் கணிப்பு. அந்த ஆட்டத்தை இழுத்துப் பிடித்து நடத்துவது தப்பு.

தப்பு என்பது ஒரு வட்டச் சட்டமும் அதில் இழுத்துக் கட்டிய தோலும். ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சத்தம் அமுங்கிப்போகும். தீயில் காய்ச்சினால் இறுகிக் கணீரென்று எழும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றரில் இருக்கிறது. தை, மாசியில் சில விடிகாலைகளில் அங்கே உறைபனி படிந்து தேயிலைத் துளிரையே கருக்கிவிடும். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை எல்லாம் அதைவிட இறக்கம் என்றாலும் பின்னிரவு மூடுபனிக்கு அங்கும் குறைவில்லை. பின்னிரவுப் பனி தோலுக்கு ஆகாத பருவம் இது. அந்தப் பருவத்தில், கூரை இல்லாத கம்பத்தடியில், இரவு முழுவதும் தோல் ஒரே கட்டில் நிற்க வேண்டும்.

ஒரே நேரத்தில் எல்லாத் தப்பையும் காய்ச்ச முடியாது, ஆட்டம் நின்றுவிடும். ஆகவே ஒருவர் ஒருவராக விலகி ஓரத்துத் தீக்குப் போவார்கள். போனவர் திரும்பும் வரை மற்றவர்கள் அவர் பங்கையும் சேர்த்து அடிப்பார்கள். எப்போது விலகுவது என்பதில்தான் அனுபவம் தெரியும். ரதியும் மதனும் தர்க்கம் செய்யும் நீண்ட பாட்டின்போது ஓரிருவர் விலகலாம்; அங்கே குரல்தான் முக்கியம், தாளம் தணிந்து நின்றால் போதும். தூதன் வரும்போது ஒருவர் விலகினாலும் ஆட்டம் நொண்டும். தூதன் துள்ளித்தான் உள்ளே வருவான். அவன் காலை ஊன்றும் இடத்தில் அத்தனை தப்பும் சேர்ந்து விழ வேண்டும். ஆகவே தூதன் வருவதற்குச் சற்று முன்பே எல்லாத் தோலும் காய்ந்து கைக்கு வந்திருக்க வேண்டும். கதையின் அடுத்த கட்டம் எது என்று தாளக்காரருக்கு மனப்பாடமாக இருந்தால்தான் இது நடக்கும். அவர் வெறும் பக்கவாத்தியக்காரர் என்று நினைப்பவர் ஒரு முழு இரவு அவர் அருகில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பார்த்த இரவை என்னால் மறக்க முடியாது. நடுச்சாமம் தாண்டித் தூறல் பிடித்தது. தோல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. மதனாக ஆடிய இளைஞரின் கால் தாளத்தைத் தேடித் தடுமாறியது. அப்போது மூத்த தப்புக்காரர் ஒருவர் கண்சாடை காட்டினார். செட்டு இரண்டாகப் பிரிந்தது. பாதிப்பேர் லயத்து இறவாணத்துக்குக் கீழே தீ மூட்டி உட்கார்ந்தார்கள். மீதிப்பேர் கம்பத்தைச் சுற்றி நின்று அடியைக் கொஞ்சம் தணித்தார்கள். வேகத்தை அவர் குறைத்ததுதான் அந்த இரவைக் காப்பாற்றியது. மதனும் அதைப் புரிந்துகொண்டு சுழற்சியைக் குறைத்து, தோளையும் கையையும் வைத்து ஆடினார். தூறல் விட்டபோது காய்ச்சிய தப்புகள் உள்ளே வந்தன. வேகம் மீண்டும் ஏறியது. நெற்றிக்கண் திறக்கும் கட்டத்துக்குச் சரியாக உச்சத்தைத் தொட்டார்கள். திட்டமிட்டு ஒத்திகை பார்த்த மேடைகளில்கூட இப்படி ஒரு மீட்சியை நான் அதிகம் கண்டதில்லை.

பின்னிரவைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. மலையகத்தின் மற்ற இரண்டு பெரிய கூத்துகளிலும் இதே கணக்குத்தான். அருச்சுனன் தபசில் அருச்சுனன் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏற வேண்டும். பொன்னர் சங்கரில் படுகளம் விழுந்தவர்கள் எழுப்பப்பட வேண்டும். உடம்பு தளர்ந்த பிறகுதான் உடம்பை அதிகம் கேட்கும் கட்டம் வருகிறது. விரதம் இருந்து, பகலில் வேலையும் பார்த்து, இரவெல்லாம் ஆடியவர் ரதியாக ஒப்பாரி வைக்கும்போது குரல் கம்மியிருக்கும். அந்தக் கம்மலை நடித்துக் கொண்டுவர முடியாது. பெரும்பாலும் ஆண்களே ரதி வேடம் கட்டிவந்திருக்கிறார்கள்; அந்த ஒப்பாரியில் வந்து சேரும் பெண்களின் விசும்பல் பார்வையாளர் பக்கத்திலிருந்து எழும். அந்த நேரத்தில் கூத்துக்கும் சனத்துக்கும் நடுவே கோடு இருக்காது.

இதை அரை மணி நேரத்தில் சுருக்கிக் காட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில்: காட்டலாம், ஆனால் அதைக் காமன் கூத்து என்று நம்பிவிடக் கூடாது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்துகளைச் சுருக்கி மேடையேற்றினார். சி. மௌனகுரு ஆடிய ‘இராவணேசன்’ அதில் பிறந்தது. விடியும்வரை ஆடிய கூத்தை மேடை நேரத்துக்குள் கொண்டுவந்தாலும் ஆட்டத்தின் வீரியம் கெடாமல் பார்த்துக்கொண்டார்கள். அது பெரிய சாதனை. பேராதனையிலிருந்து மலையேறினால் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அங்கெல்லாம் மாசியில் தப்பு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்த மேடையில் ஏறியது கிழக்கின் கூத்து. காமன் கூத்துக்கு அப்படி ஒரு பொறுமையான கை அந்த நாளில் வாய்க்கவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். இன்று பாடசாலைப் போட்டிகளிலும் கலை விழாக்களிலும் நாம் பார்க்கும் சுருக்கம் வேறு வகை. ரதி மதன் ஆட்டத்தில் கண்ணுக்கு அழகான துண்டுகளை எடுத்துக்கொள்கிறார்கள். தர்க்கம் போய்விடுகிறது, காத்திருப்பு போய்விடுகிறது, தப்பு ஒலிப்பதிவாகிவிடுகிறது. ஆடும் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு முழு இரவைக் காட்டாத நம்மைத்தான் சொல்ல வேண்டும்.

முழு இரவைக் காட்டத் தெரிந்த ஆட்கள் குறைந்ததற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு அரசுகளும் கணக்குப் போட்டுக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பாட்டு முழுதும் தெரிந்த வாத்தியார்களும் தப்புக்காரர்களும் இருந்தார்கள். கொப்பி எழுதி வைத்தவர்கள் சிலரே. ஒரு தோட்டத்தில் ரதியின் பாட்டு மிஞ்சியது, இன்னொன்றில் தூதனின் அடவு மிஞ்சியது. இப்போது கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் இளைஞர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லீவு கேட்டு வருகிறார்கள். மாசிக்கு இன்னொரு லீவு கேட்பது கடினம். ஆனால் கடைசி இரவான காமன் எரிப்பு நிலவு முழுக்க வளர்ந்த வேளையில் வருகிறது; இந்த நாட்டில் பௌர்ணமி நாள் போயா விடுமுறை. கடைசி இரவுக்காவது பிள்ளைகளை வரவழைக்க அது போதுமான வாய்ப்பு.

வரும் மாசியில் கம்பத்தடிக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் இரண்டு மணி நேரத்தை வைத்து எந்தச் செட்டையும் எடைபோடாதீர்கள். தோலும் புதுச்சூடு, ஆளும் புதுத்தெம்பு, யாரும் அப்போது நன்றாகத்தான் அடிப்பார்கள். இரண்டு மணிக்குப் பிறகு தப்புக்காரர் யாரைப் பார்த்து அடிக்கிறார் என்று கவனியுங்கள். ஆடுபவரின் காலைப் பார்த்து அடித்தால் அந்தச் செட்டு விடியும்வரை தாங்கும். தன் தப்பையே பார்த்து அடித்தால் களைப்பு வந்துவிட்டது என்று அர்த்தம்.

கோயில் கமிட்டிகளிடமும் சொல்ல இருக்கிறது. பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்துக் கம்பத்தின் இரு பக்கமும் அடுக்குவது சில இடங்களில் வழக்கமாகி வருகிறது. அந்தச் சத்தத்தில் தப்புக்காரர்களுக்கு ஒருவர் அடி மற்றவர் காதில் விழுவதில்லை. கூடி அடிக்கும் வாத்தியத்துக்கு அதைவிடக் கேடு இல்லை. பாடுபவருக்கு ஒரு மைக் போதும். தப்பைத் தப்பாகவே ஒலிக்க விடுங்கள். சாமிக்கும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் அடித்துத் தந்தவர்களைச் சாதி சொல்லி ஓரத்தில் நிறுத்திய வழக்கம் இந்த மலைகளிலும் இருந்தது. அதன் மிச்சம் இன்னும் சில தோட்டங்களில் உண்டு. மாலை, பொன்னாடை எல்லாம் வேடம் கட்டியவருக்கும் வாத்தியாருக்கும் போய், தப்புக்காரருக்குக் கடைசிப் பந்தியில் சோறு என்றால் அவர் மகன் ஏன் தப்பைத் தொடுவான்? ஒலிபெருக்கி வாடகையில் மிச்சமாகும் காசில் இன்னும் நான்கு தப்புகளுக்குத் தோல் கட்டுங்கள், காய்ச்சும் தீக்கு மேல் ஒரு தகரக் கூரை போடுங்கள், நோட்டீஸ் அடித்தால் தப்புக்காரர் பெயரை ரதி மதன் பெயருக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் போடுங்கள்.