விலக்கும் வண்ணமும்: இக்கால யூத ஓவியரும் மரபும்

யூதர்க்கு ஓவியக்கலை இல்லை என்பது நெடுங்காலமாக வழங்கிவந்த ஒரு கூற்று. உருவம் சமைத்தலையும் அதனை வணங்குதலையும் யாத்திராகமத்தின் 20-ஆம் அதிகாரம் விலக்குதலின், எழுத்தைப் போற்றிய அம்மக்கள் உருவத்தை அறவே ஒதுக்கினர் என்பது அதற்குக் காட்டப்பெறும் காரணம். இக்கூற்று பொருந்துமா என்பதனை முதற்கண் நோக்கி, அதன்பின் இக்கால ஓவியர் இருவர்தம் படைப்புகளை ஈண்டு ஆராய்வோம்.

சிரியா நாட்டின் தூரா யூரோபோசு என்னும் பழம்பதியில், கி. பி. 3-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த யூதத் தொழுகைக்கூடம் ஒன்று 1932-இல் அகழ்ந்து காணப்பெற்றது. அதன் சுவர்களில் மறைநூல் நிகழ்ச்சிகள் மாந்தர் உருவங்களோடு எழுதப்பெற்றுள்ளன; இறைவனோ, மேலிருந்து நீளும் கையாக மட்டுமே தோன்றுகின்றான். 1300-ஐ ஒட்டிச் செருமானிய நிலத்தில் எழுந்த பாசுகாத் திருவிழாச் சுவடி ஒன்றில் மாந்தர் பலர் பறவைத் தலையுடன் காட்சியளிக்கின்றனர். இதன் காரணம் பற்றி அறிஞர் வேறுபடினும், விலக்கு கலையை அழித்திலது, அதற்குப் புதுவழி காட்டியது என்பது தெளிவு. எனவே, மரபோடு போராடுதலும் இம்மரபின் ஒரு கூறே என்க.

இந்நெறியில் வந்தவர் புரூக்ளினில் 1949-இல் பிறந்த ஆர்ச்சி ராண்டு. தோராவில் உள்ளனவாக யூதர் எண்ணும் கட்டளைகள் 613; செய்க என்பன 248, செய்யற்க என்பன 365. இவற்றுள் ஒவ்வொன்றற்கும் ஓர் ஓவியமாக 613 ஓவியங்களை இவர் தீட்டி முடித்தார். 2015-இல் அவை நூலாகவும் வெளிவந்தன. வியப்புக்குரியது இவர் கொண்ட நடை. மலிவுக் கதைநூல்களின் அட்டைப்படங்களையும் படக்கதைகளையும் ஒத்த வண்ணங்களில், நகையும் அச்சமும் விரவிய காட்சிகளை இவர் வரைந்தார். ஓவியம் கட்டளையை விளக்குவதன்று. காண்பாரே தொடர்பைத் தேடல் வேண்டும். அத்தேட்டம் கைகூடும் இடங்களில் பழைய சட்டம் அன்றாட வாழ்வினுள் வந்து நிற்கின்றது. கைகூடாத இடங்களிலோ ஓவியம் விடையில்லா விடுகதையாகின்றது. படைப்பின் பெருமையை 613 என்னும் எண்ணே சுமக்கின்றது. இதனைக் குறை என்றே நாம் கொள்கின்றோம்.

எலேன் ஐலோன் (1931–2020) என்னும் அம்மையார் வேறு வழி சென்றார். வைதிக யூதக் குடும்பத்தில் வளர்ந்த இவர், 1990 முதல் 1996 வரை ‘கடவுளின் விடுதலை’ எனப் பொருள்படும் படைப்பில் உழைத்தார். மோசேயின் ஐந்நூல்களின் பக்கங்கள்மேல் ஒளி ஊடுருவும் தோல்தாளை இட்டு, கொடுமையும் பழிவாங்கலும் பெண்ணிழிவும் இறைவன்மேல் ஏற்றப்பெற்றனவாகத் தமக்குத் தோன்றிய சொற்களை இளஞ்சிவப்பு மையால் குறித்தார். பெண்டிர் இருந்திருக்கவேண்டிய வெற்றிடங்களையும் குறித்தார். 1996-இல் நியூயார்க்கு யூத அருங்காட்சியகத்தில் இஃது காட்சிக்கு வைக்கப்பெற்றது.

மறைநூலில் மை தீட்டுதல் இழிவன்றோ எனக் கேட்பார் உளர். அவ்வினாவைத் தள்ளிவிடுதல் முறையன்று. எழுத்து ஒன்று பிழைப்பினும் தோராச் சுருளைத் தொழுகையில் ஓதற்கு ஆகாதெனக் கொள்ளும் மக்கள்தம் உணர்வு அது. ஆயின், அம்மையார் மூலத்தைத் தொட்டிலர் என்பதனை நோக்குக. மை தாளின்மேல் உளது. தாளின் கீழ் எழுத்து ஊறின்றி உளது. தால்முது நூலின் அச்சுப் பக்கத்தில் மூலம் நடுவே நிற்க, இராசியின் உரையும் அவரை மறுக்கும் பிறர் உரையும் இருபாலும் சூழ்ந்து நிற்கும். மறுப்பும் அப்பக்கத்தில் இடம்பெறும் என்பதே அதன் மாட்சி. ஐலோனின் தாளும் அத்தகையதோர் உரையே.

எனினும் அவ்வுரைக்கும் ஒரு குறை உண்டு. உரையாசிரியர் காரணம் கூறுவர். மைக்கோடு இடத்தைச் சுட்டுமேயன்றிக் காரணம் கூறாது. இறைவன் கூறியது இது, மாந்தர் ஏற்றியது இது எனப் பிரித்தறிய அளவுகோல் யாது என்னும் வினாவும் எஞ்சுகின்றது. அவ்வினாவை மறையாது நம்முன் வைத்தமையே அப்படைப்பின் நேர்மை எனலாம்.

இருவரையும் ஒப்புநோக்குங்கால், கட்டளை அனைத்தையும் வரைந்த ராண்டினும், கட்டளையோடு வழக்காடிய ஐலோனே மரபினுள் ஆழ்ந்து நிற்கின்றார் என்பது நம் துணிபு. ராண்டின் ஓவியத்தைக் கட்டளையின்றியும் கண்டு மகிழலாம். ஐலோனின் தாளையோ மூலத்தைப் படியாது காணல் இயலாது. மரபைப் பேணுதலாவது அதனைப் போற்றிப் பேழையுள் வைத்தல் மட்டுமன்று; நெஞ்சு நொந்தவிடத்தும் அதனைப் படித்தலை விடாமையும் ஆகும்.