அச்சு பிசகிய காசு

ஒரு நாணயத்தில் பிழை இருந்தால் அதன் விலை கூடுமா என்று வினவுவோர் பலர். அது பிழைதானா என்று முதலில் வினவுவோர் சிலரே. இந்த இரண்டாவது வினாவில் தேர்ச்சி பெற விரும்பும் ரசிகருக்கு மரக்காணத்தைப் போல் உதவக்கூடிய ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம். கடலுக்கும் கழுவேலி ஏரிக்கும் இடையே உப்புப் பாத்திகள் பரந்து கிடக்கும் அவ்வூரில், உப்பு வாரும் கைகளிலிருந்து தேநீர்க்கடைக் கல்லாவுக்கும், கல்லாவிலிருந்து பேருந்து நடத்துநரின் பைக்குமாகப் போய்வரும் சில்லறையில், நாணயம் அடிக்கும் அக்கசாலையின் கைவேலையும் உப்பின் கைவேலையும் ஒரே காசின்மேல் அருகருகே காணக் கிடைக்கும். அவ்விரண்டையும் பிரித்தறியப் பழகிய கண் வேறு எங்கும் எளிதில் ஏமாறாது.

உப்பின் வேலை உலோகத்துக்கு உலோகம் வேறுபடும். 2011 ஜூன் மாத முடிவோடு செல்லாமற்போன காசுகளுள் பழைய அலுமினியக் காசுகள் வெண்மையான பொடி பூத்து, முகத்தில் குழிகள் விழுந்து, பொறித்த எழுத்தே தெரியாதபடி ஆகிவிடும். தொண்ணூறுகளில் வந்த ஒரு ரூபாய் எஃகுக் காசு நூற்றுக்கு 83 பங்கு இரும்பும் 17 பங்கு குரோமியமும் கலந்தது. சாதாரண ஈரத்துக்கு அசையாத அது, உப்புநீர் தொடர்ந்து படும்போது, தன்னைக் காக்கும் மெல்லிய படலம் ஆங்காங்கே அறுபட்டு, ஊசி குத்தினாற்போன்ற துளைகளைக் காட்டத் தொடங்கும். செம்பும் நிக்கலும் கலந்த பழைய ஐந்து ரூபாயில் பசிய களிம்பு ஏறும். பத்து ரூபாய்க் காசிலோ இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைவதால், நடுவட்டும் வெளிவளையமும் கூடும் கோட்டில் அரிப்பு விரைந்து நிகழ்வதுண்டு. இவை யாவற்றுக்கும் பொதுவான லட்சணம் ஒன்று உண்டு: மேலே படியும் களிம்பை விலக்கிப் பார்த்தால், உப்பு காசிலிருந்து எடுத்திருக்குமே தவிர எதையும் கூட்டியிராது. ஆகவே காசின் பரப்பில் ஒரு கோடு மேடாக எழுந்து நின்றால் அங்கே அக்கசாலையை நினைக்கலாம். பள்ளமாக இருந்தால் முதலில் கடலையும் காலத்தையும் மனிதர் கைகளையும் சந்தேகிப்பதே முறை.

ஏன் மேடு அக்கசாலைக்கு உரியது என்பதை அறிய, காசு பிறக்கும் விதத்தைச் சற்றே அறிய வேண்டும். நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வில்லைகள் வெட்டப்பட்டு, உலையில் பதமாக்கப்பட்டு, விளிம்பு உயர்த்தப்பட்ட பின், மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு அச்சுகளும் சுற்றிலும் ஓர் எஃகு வளையமும் அமைந்த யந்திரத்துக்குள் ஒவ்வொன்றாகப் புகுகின்றன. யந்திரம் நிமிடத்துக்குப் பல நூறு முறை அடிக்கிறது. அடிபட்டு அடிபட்டு அச்சிலே விரிசல் கண்டால், வில்லையின் உலோகம் அந்த விரிசலுக்குள் பாய்ந்து காசின்மேல் மெல்லிய மேட்டுக்கோடாக நிலைபெற்றுவிடும். அச்சின் ஓரமே உடைந்து போனால் அவ்விடத்தில் உருவமற்ற ஒரு திட்டு எழும். சிறிய விரிசற்கோடுகள் ஏராளம். அவற்றுக்கு விலை சொல்பவரைப் புன்னகையோடு கடந்து போகலாம். பெரிய திட்டு அவ்வளவு சாமானியமன்று.

வில்லை வெட்டும் இடத்திலும் பிசகு நேரும். சோமாசிக்குத் தேய்த்த மாவில் டம்ளரை அழுத்தி வட்டம் எடுக்கும்போது, முன்பு எடுத்த வட்டத்தின் ஓட்டைமேல் டம்ளர் சிறிது ஏறிவிட்டால் அடுத்த வட்டம் ஓரம் குறைந்து வரும். நாணய வில்லைக்கும் அதே கதிதான். இவ்வாறு ஓரம் குறைந்த காசு மெய்யானதா, எவரேனும் அரத்தால் தேய்த்ததா என்பதைச் சோதிக்க வேண்டுமானால், குறைந்த இடத்தைப் பார்க்காமல் அதற்கு நேர் எதிரேயுள்ள விளிம்பைப் பாருங்கள். விளிம்பை உயர்த்தும் கருவி வில்லையை இருபுறமும் நெருக்கியே வேலை செய்வதால், ஒருபுறம் பிடி கிடைக்காதபோது எதிர்ப்புறத்திலும் அழுத்தம் விழாமல் போய், அங்கே விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். அரம் பிடித்தவனுக்கு அந்த எதிர்ப்புறத்தின் நினைவு வருவதில்லை.

வில்லை தன் இடத்தில் சரியாக உட்காரும் முன்பே அடி விழுந்துவிட்டால் உருவம் ஒருபக்கம் ஒதுங்கி, மறுபக்கம் வெறுமையாகிவிடும். இவற்றுள் உருவம் பாதியளவு ஒதுங்கியும் ஆண்டு தெளிவாகத் தெரியுமாறு அமைந்ததையே சேகரிப்போர் விரும்புவர். ஆண்டின் கீழே வைரவடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா என்று பிறந்த இடத்தையும் சொல்லிவிடலாம். எந்த ஆலையில் எந்த ஆண்டில் கை தவறியது என்று சொல்லத் தெரிந்த காசுக்கும், அது தெரியாத காசுக்கும் விலையில் உள்ள தூரம் அதிகம்.

இங்கே ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என்றும், கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு கூறும் சோபட்மா என்றும் அறிஞர் பலர் கருதும் இந்தத் தொன்மையான துறைமுகத்தில், பூமீசுவரர் கோயிலைச் சோழர்கள் போற்றிய காலத்தில் வழங்கிய ராஜராஜன் செப்புக்காசை எடுத்துக்கொண்டால், அதில் உருவம் ஒதுங்கியிருப்பது குற்றமாகவே தோன்றாது. கையில் சம்மட்டி பிடித்து அடித்த காலத்தில் அதுவே நியதி. முழு உருவமும் விழுந்த காசுதான் அதிக விலை பெறும். யந்திரம் வந்த பிறகு எல்லாக் காசுகளும் ஒன்றுபோலப் பிறக்கத் தொடங்கியதனால் ஒதுங்கிய காசு அபூர்வமாயிற்று. ஒரே கோணல், ஆயிரம் ஆண்டு இடைவெளியில், ஒரு காசின் விலையைக் குறைத்து மற்றொன்றின் விலையைக் கூட்டுகிறது!

எனக்கு மிகவும் பிரியமான பிழை, அடித்த காசு அச்சோடு ஒட்டிக்கொண்டு வெளியேறாமல் நின்றுவிடும்போது நேர்வது. அடுத்த வில்லை உள்ளே புகுந்ததும், ஒட்டிநின்ற காசே அதற்கு அச்சாகிவிடுகிறது; அதனால் புதிய காசின் ஒரு முகம் செவ்வையாகவும், மறுமுகம் அதே உருவம் இடவலம் மாறிப் பள்ளமாகவும் அமைந்து விடுகிறது. லட்சத்தில் ஒன்று என்ற கருத்தில் இதனை 'லாக்கி' என்று வடநாட்டு வியாபாரிகள் வழங்குவர். இரண்டு காசுகளை இடுக்கியில் வைத்து நெரித்து இதைப் போலியாகச் செய்வாரும் உண்டு. ஆனால் நெரிபட்ட காசில் முன்பிருந்த உருவம் நசுங்கிப் பள்ளத்தின் அடியில் எச்சமாகக் கிடக்கும். மெய்யான லாக்கியில் அத்தகைய எச்சம் இராது.

அச்சு சுழன்றுபோன பிசகை வீட்டிலேயே எவரும் பரீட்சிக்கலாம். தற்கால இந்தியக் காசின் தலைப்பக்கத்தை நேராகப் பிடித்து, புத்தகத்தின் ஏடு புரட்டுவதுபோல் பக்கவாட்டில் திருப்பினால் பின்முகமும் நேராகவே நிற்க வேண்டும். சிறிது சாய்ந்து நிற்பவை நம் நாட்டில் மிகுதி, மதிப்புக் குறைவு; தலைகீழாக நிற்பது கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

அச்சுகள் தவறாக ஜோடி சேர்வதும் உண்டு. பிரிட்டனில் 2008-ஆம் ஆண்டு இருபது பென்ஸ் காசின் அமைப்பை மாற்றி, ஆண்டு எண்ணைப் பின்முகத்திலிருந்து முன்முகத்துக்குக் கொண்டுபோனபோது, பழைய முன்முக அச்சையும் புதிய பின்முக அச்சையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். அதனால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நாடு காணாத ஆண்டில்லாக் காசு பிறந்தது. 50,000 முதல் 2,00,000 வரை வெளியே போயிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. செய்தி பரவிய நாளில் ஆயிரக்கணக்கில் விலை பேசியவர்கள் உண்டு. பரபரப்பு அடங்கியபின் அது ஐம்பது, நூறு பவுன் அளவில் நின்றது. பிழை பிரசித்தி பெறுவது வேறு, அபூர்வமாக இருப்பது வேறு.

நம் நாட்டில் 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் உருவம் பொறித்த ரூபாயில், அவருடைய அங்கியில் இருந்த யானை பன்றிபோல் தோன்றுகிறது என்று ஜனங்கள் முகம் சுளித்ததனால், அக்காசுகளுள் பெரும்பகுதியை உருக்கி, மறு ஆண்டில் யானையின் உருவத்தைத் திருத்தினார்கள். அது அக்கசாலையின் பிசகன்று, சித்திரக்காரரின் பிசகு. ஆயினும் 'பன்றி ரூபாய்' என்று இன்றும் தேடப்படுகிறது. புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளிலோ, பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே வேண்டுமென்றே வெட்டியிருந்தார்கள். காசு பிறந்த பின் நேர்ந்த காயத்துக்கு மதிப்பில்லை என்ற விதிக்கு இது ஒரு கௌரவமான விலக்கு. அந்த வெட்டுக்குக் காரணம் தேடி அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். உப்பளத்தில் அரிபட்ட ஒரு ரூபாய்க்கு அந்தச் சலுகை கிடைக்காது.

வேறுபாடுகளையெல்லாம் பிழையாக எண்ணுவதும் ஒரு மயக்கம். கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் வரைந்த ரூபாய்ச் சின்னம் 2010-இல் ஏற்கப்பட்டு, 2011 முதல் காசுகளில் இடம்பெற்றது. அது இல்லாத பத்து ரூபாயைக் கண்டு கள்ளக்காசு என்று தள்ளிய கடைக்காரர்களும் பிழைக்காசு என்று பூட்டிவைத்த புத்திசாலிகளும் நம்மிடையே இருந்தார்கள். 14 வகைப் பத்து ரூபாய்க் காசுகளும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் சொல்ல வேண்டியதாயிற்று. வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த 2012-ஆம் ஆண்டுக் காசுக்கு லட்சங்கள் கிடைக்கும் என்ற வதந்தியும் இவ்வினத்ததே. ரிசர்வ் வங்கி இத்தகைய வியாபாரத்தில் ஈடுபடுவதே இல்லை என்றும், அதன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்போர் மோசக்காரர் என்றும் 2021-இல் எச்சரிக்கையும் வந்தது.

மெய்யான பிழைக்காசு கிடைத்தால் புளியிட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு ஏறும், மதிப்பு இறங்கும். உப்பேறியதாகத் தோன்றினால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கி, நன்றாக உலர்த்திக் காகித உறையில் வையுங்கள்; மலிவான பி.வி.சி. உறை கடற்கரைக் காற்றில் காசின்மேல் பச்சை பிடிக்கச் செய்யும். உறையின்மேல் விலையை எழுத வேண்டாம். எந்த யந்திரத்தில், எந்தக் கட்டத்தில், எவ்வாறு இது நேர்ந்திருக்கும் என்று இரண்டு வரி எழுதுங்கள். எழுத இயலாமற்போனால், எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதிக்கு ஒருமுறை போய்வந்து மறுபடி முயலுங்கள்; விற்பதைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.