இளமை மீட்பு: சொல்லும் பொருளும்

மனித உள்ளத்தின் தீராத வேட்கைகளுள் இளமை வேட்கையும் ஒன்று. அவ்வேட்கை இன்று மருத்துவத்தின் மொழியைப் பேசத் தொடங்கியுள்ளது. முதுமை படர்ந்த முகத்தோலை அவரவர் குருதியைக் கொண்டும் உயிரணுக்களைக் கொண்டும் புதுப்பிக்கலாம் என்னும் சிகிச்சைகள் மீளுருவாக்க மருத்துவம் என்ற பெயரால் அறிமுகமாகின்றன. விளம்பரங்களோ அவற்றை 'இளமை மீட்பு' என்றே அழைக்கின்றன. சொல்லை அதன் பொருளோடு பொருத்திப் பார்ப்பது திறனாய்வின் முதற்கடன். ஆதலின் இத்தொடரும் ஆராயத்தக்கதே.

தோலின் உட்படலத்தில் கொலாஜன், எலாஸ்டின் ஆகிய புரத இழைகள் உள்ளன. தோலுக்கு உறுதியும் நெகிழ்ச்சியும் தருவன இவையே. இவற்றை ஆக்கும் உயிரணுக்கள் வயது ஏற ஏறத் தளர்கின்றன. வெயிலின் புறஊதாக் கதிர்களும் புகைப்பழக்கமும் அத்தளர்ச்சியை விரைவுபடுத்துகின்றன. முகத்தில் விழும் சுருக்கம் அதன் விளைவு. அவ்வுயிரணுக்களை மீண்டும் ஊக்கினால் தோல் செம்மையுறும் என்பதே இச்சிகிச்சைகளின் அடிப்படை. இக்கருத்து அறிவியலுக்கு முரணானதன்று.

இத்துறையின் பிறப்பும் பெருமைக்குரியதே. மனிதத் தோலின் மேற்படல உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் பெருக்கும் முறையை 1975-இல் ரைன்வால்டு, கிரீன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்டனர். 1983-இல் உடலில் 95 விழுக்காட்டுக்கு மேல் தீக்காயமுற்ற சிறுவர் இருவரின் உயிரைக் காக்க அம்முறை துணைநின்றது. அவர்தம் உடலில் எஞ்சியிருந்த சிறிதளவு தோலே வளர்க்கப்பட்டு அவர்களுக்குப் போர்வையாயிற்று. மீளுருவாக்கம் என்னும் சொல் ஈண்டுத் தன் முழுப்பொருளையும் பெற்றது எனலாம்.

அச்சொல் அழகுத் தொழிலுக்குள் புகுந்தபின் அதே பொருளைத் தாங்கி நிற்கின்றதா என்பதே வினா. 2011-இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஓர் உயிரணுச் சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தது. காதின் பின்புறத்தே சிறிது தோலெடுத்து, அதன் உயிரணுக்களைப் பெருக்கி, மூக்கின் ஓரத்திலிருந்து வாயின் ஓரம்வரை இறங்கும் கோடுகளில் செலுத்துவது அம்முறை. ஆறு திங்களுக்கு மேலும் பயன் நிலைக்கும் என்பது அன்று நிறுவப்படவில்லை. மெய்ப்பிக்கப்பட்டது இரு கோடுகளின் தணிவு. விளம்பரம் அறைவதோ இளமையின் மீட்சி. இரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவு சிறிதன்று.

பரவலாக வழங்கும் மற்றொரு முறை, ஒருவர் குருதியைச் சுழல்பொறியிலிட்டுத் தட்டணுக்கள் செறிந்த நீர்மத்தைப் பிரித்து அவர் முகத்திலேயே செலுத்துவதாகும். இதனை ஆராய்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. நீர்மத்தை ஆக்கும் முறையும் இடத்துக்கிடம் வேறுபடுகின்றது. 'தம் குருதியாதலின் தீங்கில்லை' என்பது வழக்கமான வாதம். குருதி தமதாயினும் ஊசி தூயதாதல் வேண்டுமன்றோ? அமெரிக்காவின் ஆல்புகெர்க்கி நகரில் உரிமமின்றி நடந்த ஒப்பனை நிலையம் ஒன்றில் 2018-இல் இச்சிகிச்சை பெற்ற பெண்களிடையே எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. ஒப்பனை ஊசிவழி அத்தொற்று பரவியதாக ஆவணப்படுத்தப்பட்ட முதல் நிகழ்ச்சி அதுவே என 2024-இல் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது.

இத்தகைய எச்சரிக்கை இப்பகுதிக்கும் புதிதன்று. 2008-இல் சிங்கப்பூரில் மருத்துவர்க்கென வகுக்கப்பட்ட அழகியல் சிகிச்சை நெறிமுறை, சிகிச்சைகளைச் சான்றின் வலிமை நோக்கி இரு பட்டியலாகப் பகுத்தது. தோலின் இளமைக்கெனக் கூறப்பட்ட குருத்தணுத் தூண்டு புரதம், சான்று குன்றிய இரண்டாம் பட்டியலிலேயே இடம்பெற்றது. பெயரின் கவர்ச்சி சான்றாகாது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இனி, வேட்கையை நோக்குவோம். மகாபாரதத்து யயாதி சுக்கிரரின் சாபத்தால் முதுமை எய்தினான். மூத்த மைந்தர் நால்வரும் மறுக்க, இளையவன் பூரு தன் இளமையை அவனுக்கு ஈந்தான். நெடுங்காலம் இன்பம் துய்த்த பின்னரே, துய்ப்பதனால் வேட்கை தணியாது என உணர்ந்து யயாதி அதனைத் திருப்பி அளித்தான். பெற்ற இளமை பொய்யன்று. அதனால் நிறைவு வரும் என்ற எண்ணமே பொய்த்தது. கதையின் கூர்மை இவ்விடத்தில்தான் உள்ளது.

தமிழ் மரபு உடலை இகழ்ந்தே வந்தது எனக் கூறுதல் பொருந்தாது. நாலடியார் இளமை நிலையாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தது. சித்தர்களோ காயகற்பம் தேடினர். ஆயின் அவர்கள் உடலைப் பேண விழைந்தது ஞானத்தின் பொருட்டு, பிறர் கண்ணில் அழகுற்று விளங்குவதற்கன்று. சேக்கிழார் காட்டும் காரைக்கால் அம்மையார், கணவன் பொருட்டுத் தாங்கிய அழகையே உதறிப் பேயுருவை வேண்டினார். முகத்தின் வனப்பே பெண்ணின் மதிப்பு என்னும் எண்ணத்திற்கு அதனினும் வலிய மறுப்பு வேறில்லை.

இவ்வாறு கூறுவதால், சிகிச்சை நாடுவோர் அனைவரும் வீண் ஆசையினர் ஆகார். தீயின் வடுவும் பருவின் தழும்பும் சுமப்போர்க்குச் செவ்விய தோல் ஓர் ஆறுதல். சுருக்கம் தணிய விரும்புவோரையும் பழித்தல் தகாது. அவர்களுக்கு உண்மையைக் கூறாது நம்பிக்கையை விற்பதே பழிக்கத்தக்கது. செம்மையாக்கல் என்னும் அடக்கமான சொல் இருக்க, மீட்பு என்னும் பெருஞ்சொல்லை ஆள்வது அவ்விற்பனையின் தொடக்கம்.

ஆகவே, செய்யுளில் மிகைக்கூற்றை இனங்காணப் பயிலும் மாணவர், அதனை விளம்பரத்திலும் காணப் பயிலுதல் வேண்டும். என்ன செய்யப்படுகிறது, எதற்குச் சான்றுண்டு, எத்துணைக் காலம் நிலைக்கும், செய்பவர் தகுதி யாது என்னும் நான்கு வினாக்கள் அதற்குப் போதும். அவற்றிற்கு விடையளிக்கும் மருத்துவம் மதிக்கத்தக்கது. விடையளியாது இளமை பேசுவது வெறும் சொல்லலங்காரமே.